இரண்டு பூட்டுப் போட்ட ஹெரால்டு

எங்கள் வீட்டுக்குப் பார்சல் வந்தால் சட்டென்று பிரித்துவிட மாட்டோம். முதலில் மனைவி கைபேசியில் வீடியோவை ஓடவிடுவாள். நான் பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டி, ஒட்டிய நாடாவில் கிழிசல் இல்லை என்று வாய்விட்டுச் சொல்வேன். அதன் பிறகுதான் கத்தி. பார்க்கிறவர்கள் உள்ளே என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். இருப்பதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கார். இன்று காலையும் அப்படி ஒன்று வந்தது.

"ஒரு பொம்மைக்கு எதுக்குங்க இத்தன சாட்சி?" என்றாள் மனைவி. பொம்மை இல்லை, மாடல் என்று வழக்கம்போலத் திருத்தினேன். வழக்கம்போல அவள் காதில் விழவில்லை.

பழைய கார்களின் சின்ன மாடல்களைச் சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. விற்கிறவன் உடைந்ததை ஒட்டிக் கொடுத்திருப்பான் என்று வாங்குகிறவனுக்குச் சந்தேகம். வாங்குகிறவன் தானே உடைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவான் என்று விற்கிறவனுக்குச் சந்தேகம். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா. இன்று வந்த ஹெரால்டு கார் மாடலுக்குக் கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்று சத்தியம் செய்திருந்தான் விற்ற ஆள். நான் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். லேசாகத் தின்னர் வாடை அடித்தது, பெயிண்ட் புதிதாக அடித்ததுதான். மோந்து பார்ப்பது எங்கள் வேலையில் பாதி.

இப்படி மோந்து பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது சேலத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கடை. கல்யாணத்துக்கு முந்தைய காலம். டூப்ளிகேட் பேரிங்கை எண்ணெய் வாடையிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சம்பளம் வந்ததும் நான் ஓடுவது மாடல் கார் வாங்கத்தான். வாங்கியதை அப்படியே வைத்து அழகு பார்க்கிற ஆளும் நான் இல்லை. அடித்தட்டில் இருக்கும் ரிவெட்டைக் குடைந்து கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, எங்கள் பக்கத்தில் நிஜமாக ஓடிய ஏதாவது ஒரு காராக அதை மாற்றிவிடுவேன். இல்லாத காரைச் செய்வதில்லை என்று ஒரு கொள்கை. வாழப்பாடிச் சந்தைக்கு வெற்றிலை ஏற்றி வந்த அம்பாசிடர் என்றால் அதன் பின் கதவில் இருந்த நசுங்கல், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் இருக்க வேண்டும். அந்த மிளகாயைத் தீக்குச்சி முனையில் செதுக்கியே எனக்குப் பார்வை மங்கியது என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

இதற்கு நிஜக் காரை அளக்க வேண்டும். டேப், கேமரா, கலர் தீட்டிய அட்டைத் துண்டுகள், தோளில் ஒரு பை. இந்தக் கோலத்தில் நம்முடைய பக்கத்தில் ஒருவன் ஊருக்குள் நுழைந்தால் என்ன நினைப்பார்கள் சொல்லுங்கள். தவணை கட்டாத வண்டியைத் தூக்க வந்த பைனான்ஸ் ஆள் என்று நினைப்பார்கள். இல்லையென்றால் காயலான் கடைத் தரகன். ஒரு ஊரில் என்னைக் கண்டதும் டிராக்டரை ஓட்டிக்கொண்டுபோய்ச் சோளக்காட்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். நான் தேடிப்போனது அவர்கள் வீட்டு ஜீப்பை. அது வாசலிலேயே நின்றது.

கடைக்கு வரும் டிரைவர் ஒருவர்தான் நிஜமான ஹெரால்டு ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஜலகண்டாபுரம் தாண்டி ஒரு தோட்டத்தில் நிற்கிறது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது என்றார். ஹெரால்டு என்றால் எனக்கு உயிர். பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அண்ணன் பெயர் சென்னியப்பன், தம்பி நல்லுசாமி. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் நடுவில் கார் நிற்கும் செட்டு. அதன் கதவில் இரண்டு பூட்டு. அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு பொது என்பதால் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். காரைப் பிரிக்க முடியாது. அதற்கும் கிணறு மாதிரியே முறை வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் தம்பி. ஒரு நாள் கார் நின்றுபோயிற்று. யாருடைய முறையில் நின்றது என்பதில் சண்டை. ரிப்பேர் செய்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று இருவரும் அதைத் தொடவில்லை. பேச்சும் நின்றது. ஆளுக்கொரு பூட்டு மாட்டினார்கள். இரண்டு பேரும் சாவியோடு வந்தால்தான் கதவு திறக்கும்.

முதல் நாள் சென்னியப்பனிடம் உண்மையைத்தான் சொன்னேன்.

"இதே காரைச் சின்னதாச் செய்யப்போறேங்க."

"செஞ்சு?"

"அலமாரியில வைப்பேங்க."

"வெச்சு?"

"பார்ப்பேங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதைவிடப் பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. எப்படியோ இருவரும் சாவியோடு வந்து கதவைத் திறந்தார்கள். அண்ணன் இடது பக்கம் நின்றுகொண்டார், தம்பி வலது பக்கம். நான் நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கார் முழுக்கப் புழுதி, எலிப்புழுக்கை வாடை. அப்போதும் அழகாக இருந்தது.

"அந்தப் பக்கத்துக் கதவத் தொட வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. அவிங்க முறையில இடிச்ச இடி அது" என்றார் சென்னியப்பன்.

"ஆரு முறையில இடிச்சதுன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லுங்க" என்றார் நல்லுசாமி.

இருவரும் பேசியது என்னிடம். நான் எதையும் யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டி வைத்தேன். அண்ணன் அனுப்பிய ஆள் என்று தம்பிக்கு என் மேல் சந்தேகம். தம்பி பிடித்து வந்த தரகன் என்று அண்ணனுக்குச் சந்தேகம். உள்ளே உட்கார்ந்து அளக்கக் கேட்டபோது மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பம்பர் அளவில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நானும் அந்த ஜாதிதானே. இரண்டாவது தடவை போனேன். பிறகு நீலம் சரியாக அமையவில்லை என்று கலர் அட்டைகளோடு இன்னொரு தடவை போனேன்.

அந்தத் தடவை தூரத்திலிருந்து பார்த்தபோதே ஏதோ மாறியிருந்தது. செட்டுக் கதவில் ஒரே ஒரு பூட்டுதான் தொங்கியது. முன்னால் போட்ட கயிற்றுக் கட்டிலில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சொம்பு மோர். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பானட்டின் மேல், டாஷ்போர்டில் இருந்த பழைய ரேடியோவின் பக்கத்தில், சீட்டில் எல்லாம் அரிசியைத் தூவி வைத்திருக்கிறார்கள். ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க, அரிசி?" என்றேன்.

"கோழிக்குங்க" என்றார் தம்பி.

"எறும்புக்குங்க" என்றார் அண்ணன், அதே நேரத்தில்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்தது. பழைய கலசம், பழைய விளக்கு, பழைய ரேடியோ இப்படி எதிலாவது இரிடியம் இருக்கும், பக்கத்தில் அரிசியை வைத்தால் காந்தம் மாதிரி இழுக்கும், அதை வாங்க வெளிநாட்டில் ஆள் காத்திருக்கிறான் என்பார்கள். நன்றாகப் படித்தவர்களே அரிசிப் பையோடு அலைந்தார்கள். காசு கொடுத்துக் காரைக் கேட்காமல், சும்மா சும்மா வந்து அளந்துகொண்டு போகிறவன் வேறு எதற்கு வருவான்? இவர்கள் பொறுக்கியெடுத்த பச்சரிசியாக வைத்து, அது நகருமா என்று பார்த்திருக்கிறார்கள். அதுவும் இருவரும் சேர்ந்து குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

"தம்பி, ஆரு உங்கள அனுப்புறாங்கன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிட்டமுங்க" என்றார் சென்னியப்பன். "நெசத்தச் சொல்லிப்போட்டுப் போயிருங்க. இல்லீனா இனி இந்தத் தெசைக்கே வர வேண்டாமுங்க."

நாங்க ரெண்டு பேரும் என்று அவர் சொன்னதைக் கேட்டு நல்லுசாமி மோர்ச் சொம்பை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தார். பையில் நான் செய்த அம்பாசிடர் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். தம்பி வாங்கித் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், அண்ணனிடம் கொடுத்தார். அண்ணனும் ஆட்டிப் பார்த்தார். "உள்ள என்னமோ வெச்சிருக்குதுடா" என்றார் தம்பியிடம். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் எழுந்து செட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஒன்றுபட்டால் கூத்தாடியை என்ன செய்வார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மொபெட்டைத் தள்ளிக்கொண்டே ரோட்டுக்கு வந்தேன். அவமானமாகத்தான் இருந்தது.

ஹெரால்டை ஒரு வழியாகச் செய்து முடித்தேன். உள்ளே எப்படி இருந்தது என்று தெரியாததால் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். நீலமும் சரியில்லை. பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. அடி விழும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. கல்யாணமாகி, கடை மாறி, கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிவந்து, எல்லாம் ஆயிற்று.

போன தை மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏனுங்க, நீங்க அந்த டேப்புக்காரர் தானுங்களே?"

நல்லுசாமி. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. பொரியலைத் தொடாமல் கைபேசியில் நான் செய்த ஹெரால்டு மாடலின் படத்தை எடுத்துக் காட்டினேன், இத்தனை காலம் கழித்தும் ருசுக் காட்டுகிறவன் மாதிரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"அப்ப நெசமாலுமே இதுக்குத்தான் வந்தீங்களா?"

"அன்னைக்கே சொன்னேனுங்க."

"சொன்னீங்க. ஆரு நம்பறது?" என்று சிரித்தார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க போன அன்னிக்கே அண்ணன் சொல்லுச்சுங்க, இந்த ஆளு ஆளக் கூட்டீட்டுத் திரும்ப வருவான்டா, உசாரா இருக்கோணும்னு. ரெண்டு பேரும் செட்டு முன்னால கட்டலப் போட்டுக் காவலுக்குப் படுத்தமுங்க. மழ பேஞ்சா உள்ள, இல்லீனா வெளிய. ஊட்டுல பொம்பளைங்க சிரிச்சாங்க. பேசறதுக்கு வேற ஆரு இருக்கறா? எல்லாத்தையும் பேசுனமுங்க. சின்ன வயசுல சண்ட போட்டது, அப்பன் அடிச்சது, எல்லாம். அண்ணன் சாகற வரைக்கும் அப்பிடித்தானுங்க."

"காருங்க?"

"அது எதுக்குங்க இனி? அண்ணன் போன பொறவு எடைக்குப் போட்டுட்டேன். செட்டையும் பிரிச்சாச்சு. அந்த எடத்துல மருமகன் தறி போட்டிருக்கான்."

சாம்பார் வாளியோடு வந்த பையன் எங்கள் இலைகளைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். என்னைப் பிடிப்பதற்காக இரண்டு பேர் அத்தனை காலம் ஒன்றாகப் படுத்திருந்தது தெரியாமல், நான் பாட்டுக்கு எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறேன்.

கைபேசியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நல்லுசாமி சோற்றைப் பிசைந்தார்.

"கடைசியில படுக்கையில கெடக்கறப்பக் கூட வண்டிச் சத்தங் கேட்டா, அவனாடான்னு அண்ணன் கேக்கும். ஒருக்காவாச்சும் நீங்க வந்திருக்கலாமுங்க" என்றார்.