புளியமரத்தைச் சுற்றிய குதிரை

ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் டர்பன்டைன் டப்பாவைத் திறந்ததும், கடத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மாட்டாஸ்பத்திரி வாசம் அடித்தது. இப்போது அங்கே செல்போன் கடைகள்.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின், லீவு நாளெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனை மாடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு குதிரை வரும், ஜட்கா வண்டி ஓட்டும் அந்தோணியுடையது. வயிற்றுவலி வந்தால் அது தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். டர்பன்டைன் கலந்த எண்ணெயை மூங்கில் குழாயில் புகட்டிவிட்டு டாக்டர் உள்ளே போய்விடுவார். படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்பதால், அது முழங்கால் மடிக்கும்போதெல்லாம் கயிற்றை இழுத்து, "நட சாமி, நட" என்று கெஞ்சிக்கொண்டே, வயிறு இளகி அது லத்தி போடும்வரை அந்தோணி புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி நடத்துவார். லாடச் சத்தம் மத்தியானம் முழுக்கக் கேட்கும்.

ஒருநாள் பொழுது சாயும்போது சத்தம் மரத்துக்குப் பின்னால் நின்றுபோனது. குதிரை செத்துவிட்டது என்றே நினைத்தேன். அந்தோணி அங்குமிங்கும் பார்த்தார், யாருமில்லை. ரோட்டைத் தாண்டி என் ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"பாப்பா, லத்தி போட்டுருச்சு பாப்பா! பொழச்சிக்கிச்சு!"

தலையை ஆட்டினேன்.

இன்று பெயின்ட் காய்வதற்குள், டெஸ்ட் ரிசல்ட்டைச் சொல்ல என் டாக்டர் போன் செய்தார். என் மார்பில் இருப்பது வெறும் கொழுப்புக்கட்டிதானாம், பயப்பட ஒன்றுமில்லையாம். போனை வைத்துவிட்டு வீடு முழுக்க ஒருமுறை நடந்தேன். பிறகு ஜன்னலுக்கு வந்து, வெளியே ஏணிமேல் நின்றவரிடம் சொன்னேன்.

"அண்ணா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கண்ணா."

அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி தலையை ஆட்டினார்.