ஒன்பது தப்படி

கல் குவாரியில் அவனுக்குப் பெயர் கம்ப்ரசர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. துளை போடும் இயந்திரத்துக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரசர் எப்போது பார்த்தாலும் சீறிக்கொண்டு நிற்கும். குழாயை யாராவது தப்பாகத் திருகினால் ஆளையே தூக்கி அடிக்கும். இவனும் அதே ஜாதிதான் என்று ஒரு லாரி டிரைவர் விளையாட்டாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது. அந்த டிரைவருக்கு இப்போது முன்பல் இரண்டு கிடையாது. பெயர் வைத்ததற்குக் கிடைத்த வெகுமதி.

நாற்பத்தொரு வயதுக்குள் அவன் கை பட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் ஒரு பஸ் போதாது. ஒரு மேஸ்திரியின் தாடை. வரிசையில் முந்திய ஒருவனின் காது. கீழ்த்தளத்து டயர் கடைக்காரரின் விலா எலும்பு. இதற்கெல்லாம் அவன் சொல்லும் நியாயம் ஒன்றுண்டு. பாறை முகத்தில் இயந்திரம் ஓடும்போது பேச்சு எடுபடாது. நிறுத்து என்றால் முதுகில் ஓர் அடி. ஓடு என்றால் பிடரியைப் பிடித்து ஒரு தள்ளு. இருபது வருஷம் அந்த பாஷையில் பேசியவன் வீட்டுக்கு வந்தும் அதையே பேசினான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் மனைவியிடமும் பேசிவிட்டான். அவள் ஒரு சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். மணிக்கட்டு வீங்கி ஆறு நாள் பெட்டியைத் தூக்க முடியவில்லை. ஏழாம் நாள், டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு அறை வீட்டில், மகள் தூங்கிய பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இன்னொரு தடவ உங்க கை ஒரு ஆள் மேல பட்டா, நான் பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுவேன். என் மேலன்னு இல்ல. யார் மேல பட்டாலும்."

அதற்குப் பிறகு பதினோரு மாதம் அவன் யாரையும் தொடவில்லை. குளியலறைக் கதவில் ஒரு ஓட்டை விழுந்தது, அட்டை வைத்து ஒட்டினான். சுவரில் ஒரு இடத்தில் காரை பெயர்ந்தது. ஆட்கள் தப்பித்தார்கள்.

மனைவியின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் ஏறிவிடுவான். அக்கா வீட்டுக்காரரைச் சீண்டிப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு ருசி. "மாமா, சும்மா உக்காந்து சுவத்தக் குத்தறதுக்கு மலையில நடந்தா உடம்பாவது இறங்கும்" என்று அவன்தான் இருவரையும் அந்த ஞாயிறு கிளப்பிக்கொண்டு போனான். மகளை அவள் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு மணி நேரம் ஏறியதும் புதருக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. சுண்ணாம்பு உரிந்துபோயிருந்தது. நடுவில் சிவப்பு வட்டம், கீழே அறுபது என்ற எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. இது என்னவாக இருக்கும் என்று மூவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எந்தக் காலத்து ராஜாவோ எல்லை போட்டிருக்கிறான் என்றான் மச்சினன். பக்கத்தில் கிணறு இருக்கும், தண்ணீர் எங்கே என்று காட்டத்தான் இது என்றாள் மனைவி. கைபேசியில் படம் பிடித்துத் தேடினால் அது காட்டியது பூத்தொட்டி விளம்பரம்.

கம்ப்ரசருக்கு அம்புக்குறி தெரிந்த சமாச்சாரம். அவனுடைய குவாரியில் வெடி வைக்கும் நேரத்தில் எந்தப் பக்கம் ஓடி ஒதுங்க வேண்டும் என்று பாறையில் அம்பு வரைந்திருப்பார்கள். அம்பு போகிற பக்கம் பத்திரம் என்று அடித்துச் சொன்னான். மச்சினன் முதல் தடவையாக அவன் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டான். கம்ப்ரசருக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது. அவனே முன்னால் நடந்தான்.

இரண்டாவது கல்லில் முப்பத்தைந்து. மூன்றாவதில் ஒன்பது.

அங்கே ஒரு தட்டையான பாறை கிடந்தது. நிழல் துணி கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது என்று மச்சினன் பையை இறக்கினான். மனைவி செருப்பைக் கழற்றி முள் எடுத்தாள். கம்ப்ரசர் மட்டும் கல்லை விடவில்லை. எண் ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று அவனுக்கு உறுத்தியது. பாசியைக் கட்டை விரலால் சுரண்டினான். வட்டத்துக்குக் கீழே உளியால் கொத்திய சின்னச் சின்னக் கோடுகள். எண்ணினான். ஏழு கோடு. எட்டாவது இடத்தில் கோடு இல்லை, ஒரு சுழி.

அவன் கல்லிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான்.

வெடி வைக்கிறவர்கள் எல்லோரும் எண்ணுகிறவர்கள். எட்டுக் குழிக்குத் திரி பற்ற வைத்தால் எட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ஏழுதான் கேட்டது என்றால் ஒன்று உயிரோடு கிடக்கிறது. ஒரு நாள் அந்த எண்ணிக்கை பிசகித்தான் அவனுடைய இடது காது போனது. பக்கத்தில் நின்றவனுக்குத் தலையே போனது, உடம்பு மட்டும் இன்னும் இரண்டு தப்படி நடந்தது. இது பழைய குவாரி. மரம் வளர்ந்து மூடிவிட்டது. அந்தக் காலத்து ஆட்களுக்கு அம்பு என்பது ஓடும் திசை இல்லை, வெடிக்காத குழி கிடக்கும் திசை. எண், கல்லிலிருந்து குழிக்கு எத்தனை தப்படி என்பது. அறுபதிலிருந்து ஒன்பதுக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவன் அவனேதான்.

பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.

மச்சினன் பாறையில் மண்டியிட்டிருந்தான். வட்டமாக, அளவெடுத்த மாதிரி ஒரு குழி அவனுக்குக் கிடைத்திருந்தது. அதில் துணி கட்டும் இரும்பு முளையை நிறுத்திச் சுத்தியலால் இரண்டாவது தடவை ஓங்கினான்.

கம்ப்ரசர் ஒன்பது தப்படியை நாலாகத் தாண்டினான். குத்து மூக்கில் விழுந்தது. கண்ணாடி தெறித்தது, சுத்தியல் ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் உருண்டான். எழுந்து உட்கார்ந்தபோது வாய், மோவாய் எல்லாம் ரத்தம். அப்படியும் சிரித்தான்.

"பாத்தியாக்கா? பதினோரு மாசம். மாமா மாறிட்டாரு மாறிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே."

இரண்டாவது அடி அந்த வாயில் விழுந்தது. மூன்றாவது, கீழே கிடந்தவனின் விலாவில், பூட்ஸ் காலால். உள்ளே ஏதோ சுள்ளி ஒடிகிற மாதிரி கேட்டது.

மனைவி ஓடிவந்தாள். தம்பியைத் தூக்கி உட்கார வைத்து, முந்தானையால் மூக்கை அழுத்திப் பிடித்தாள். குழியில் வெடிமருந்து இருக்கிறது, இது வெடிக்கிற குழி என்று கம்ப்ரசர் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் குழியைப் பார்த்தாள். மக்கிய இலை, கொஞ்சம் மண், நடுவில் சாதுவாக நிற்கும் ஒரு முளை. கல்லைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. தம்பியைத் தோளில் தாங்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். அவன் இருபது தப்படி பின்னால், கிட்டே போகாமல், அடிவாரம் வரை நடந்தான். அன்று சாயங்காலம் வீட்டில் ஆணியில் மாட்டியிருந்த மகளின் பள்ளிக்கூடப் பை இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக மலை ஏறினான். போலீசுக்குச் சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. அவர்கள் வந்து கயிறு கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் அவள் மனசு பாறையாக இறுகிவிடும். அவனுக்கு இன்றே சத்தம் வேண்டும்.

தட்டைப் பாறைக்கு மேலே கல் வெட்டி எடுத்த பழைய பாறை முகம் வீடு உயரத்துக்கு நின்றது. அதன் உச்சிக்குப் போய் ஒரு பெரிய கல்லை நெம்பித் தள்ளினான். பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது, மரத்தில் மோதி நின்றது. உள்ளங்கை கிழிந்து கடப்பாரை வழுக்கியது. "வெடிச்சுத் தொலையேன்" என்று குழியைத் திட்டிக்கொண்டே மூன்றாவதைத் தள்ளினான். அது நேராக முளையின் தலையில் இறங்கியது.

மலை வயிறு கிழிந்த மாதிரி இருந்தது. காற்று அவனைத் தூக்கி மரத்தில் அறைந்தது. ஒரு கன்னம் வாய்வரை பிளந்தது, உச்சந்தலையில் தோல் ஒரு மடிப்பு மடங்கியது. கீழே தட்டைப் பாறை இருந்த இடத்தில் புகைகிற பள்ளம். ஒன்பது என்று எழுதிய கல்லைக் காணவே காணோம். அவன் மல்லாந்து கிடந்து சிரித்தான். நல்ல காதிலும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சிரித்தான்.

மச்சினன் வீடு மூன்றாவது மாடி. படியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம் சிந்திக்கொண்டு மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது நல்ல காது பாதி கேட்க ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்தவள் மனைவி. உள்ளே மச்சினன் மூக்கில் கட்டு, மார்பில் கட்டு என்று சோபாவில் சாய்ந்திருந்தான். பள்ளத்தில் பொறுக்கி எடுத்த, பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்ட இரும்பு முளையைக் கம்ப்ரசர் நீட்டினான்.

"வெடிச்சிடுச்சு. பள்ளத்தப் போய்ப் பாரு. இன்னும் ஒரே ஒரு அடி இறக்கியிருந்தான்னா உன் தம்பியப் பொறுக்கித்தான் எடுத்திருக்கணும். நீயும் இருந்திருக்க மாட்ட."

மச்சினன் முளையை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கணவனை உட்கார வைத்தாள். துணி நனைத்து வந்து கன்னத்தைத் துடைத்தாள்.  ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், தையல் போட வேண்டும் என்றாள். அவன், வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டான்.

அவள் துணியைப் பிழிந்தாள்.

"மொத அடி குழிக்கு. அது எனக்கு இப்போ புரியுது. மீதி ரெண்டும் யாருக்குங்க?"

அவன் வாயைத் திறந்தான். பிளந்த கன்னம் வலித்தது.  சோபாவில் இருந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஒண்ணு அவன் சிரிச்சதுக்கு" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொன்னு… அந்த வழிய நான்தான காட்டினேன். அதுக்கு."

"அதுக்கு அவன் விலாவா?"



அவள் துணியை அவன் கையில் கொடுத்து, கன்னத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தம்பியிடம் அரை மணியில் வந்துவிடுவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினாள். படியிறங்கும்போது அவன் தடுமாறினான், அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஆட்டோ நின்றதும், அவனை ஏற்றி உட்கார வைத்த பிறகு சொன்னாள்: "தையல் போட்டதும் நான் இங்கதான் திரும்பி வருவேன். நீங்க வீட்டுக்குப் போங்க. வெள்ளிக்கிழம பொண்ண மட்டும் வந்து பாத்துட்டுப் போங்க."

அவன் தலையாட்டினான். துணி வழியாக ரத்தம் சட்டையில் இறங்கியது. ஆட்டோ கிளம்பியது.