வலது கண்ணில் வெளுத்த சிவப்பு

சாயப்பட்டறையில் ஷேடு பார்த்து, நிறம் ஒத்திருக்கிறதா என்று சொல்லும் என்னைப் போன்றவர்களுக்குத் துணி கெட்டால் திட்டு உண்டு, நன்றாக வந்தால் நினைப்பாரில்லை. கண்ணை நம்பிப் பிழைக்கிற யாருக்கும் இது புரியும்.

சிவப்பு பனியன் துணி

ஒரு நாள் சிவப்புத் துணியை, தினமும் பார்த்து மனதில் பதிந்த அசல் நிறத்தோடு ஒப்பிட்டேன். வெளுத்திருந்தது. திருப்பி அனுப்பச் சொன்னேன். டையிங் மாஸ்டர் வந்து அசல் மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்றார். சந்தேகத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு நல்ல சிவப்பு. வலது கண்ணுக்குப் பழைய செங்கல். கண்ணைத் திருப்பினால் உள்ளே வலித்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "துணி நல்லாத்தானுங்க இருக்குது, நீங்க போயிக் கண்ணக் காட்டுங்க" என்றார்.

கோவை டாக்டர்

எங்கள் ஊர் குண்டடத்தில் அப்பாவும் அம்மாவும் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பயப்படுவார்களே என்று சொல்லாமல் பஸ் ஏறினேன். ஸ்கேன் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர்.

ரத்தத்தில் திரியும் காவல் அணுக்கள் மூளைக்குள் புகுந்து, நரம்பின் மேலுறையை எதிரி என்று நினைத்துவிடுகின்றனவாம். மூளையிலேயே குடியிருக்கும் காவல் அணுக்களை அவை உசுப்பிவிட, இவை பதிலுக்கு ரத்தத்திலிருந்து இன்னும் ஆள் கூப்பிடுகின்றன. இரண்டும் சேர்ந்து உறையை அரிக்கின்றன. பிளாஸ்டிக் போன ஒயர் மாதிரி, கண்ணிலிருந்து போகும் சேதி தடுமாறுகிறது. அந்தக் கூப்பாட்டை அடக்க மருந்து உண்டு, தொடர்ந்து எடுக்கணும் என்றார்.

"எனக்கு ஏனுங்க இது வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கூட யாரும் வரலையாம்மா?"

கம்பெனி வேன்

பார்வை பெரும்பாலும் திரும்பியது. ஆனால் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. சாய மெஷின் ஆவி பட்டால் கண் மங்கும், கால் இழுக்கும். ஒரு சாயங்காலம் வேனில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். நின்றுகொண்டு வந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்கறீங்க, சித்த எந்திரிங்களே!"

எழுந்துவிட்டேன். எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

ஏசி ரூம்

மாஸ்டர் நல்லவர். வேலையை விட்டு அனுப்பாமல் என்னை லேபுக்கு மாற்றினார். அங்கே நிறத்தை மெஷினே படித்துச் சொல்லிவிடும். நான் பட்டனை அமுக்கினால் போதும். பழைய இடத்தில் என்னோடு நின்ற தூத்துக்குடிக்காரி மாரியம்மா ஒரு தடவை கண்ணாடிக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். "ஏசி ரூமு, தனிச் சேரு! ஒனக்கென்னக்கா, யோகந்தான்!" என்று சொல்லி வாசலோடு போய்விட்டாள்.

வியாதியைக்கூட ஒருவழியாகச் சொல்லிப் புரியவைத்துவிடலாம், யோகம் வந்தவள் பக்கத்தில்தான் யாரும் வந்து உட்காருவதில்லை.