ரெசல்யூஷன் பக்தவச்சலம்

திருத்தணியில் பக்தவச்சலம் எடுத்த போட்டோ ஒன்றாவது தெளிவாக இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. தொண்ணூறுகளில் கேமராவை மாட்டிக்கொண்டு மலைப்படியில் நிற்பார். மொட்டை போட்டு இறங்கும் குடும்பங்களை மறித்துப் படம் எடுப்பார். கோபுரம் முழுசாக விழும்; மனிதர்கள் புளியங்கொட்டை அளவில் அடியில் கிடப்பார்கள். கேட்டால், "கோபுரம் தெரியுதில்ல, அப்பறம் இன்னா?" என்பார்.

இரண்டாயிரத்து மூன்றில் அவர் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ரெசல்யூஷன் என்ற வார்த்தையும் வந்து சேர்ந்தது. பக்கத்துக் கடையில் கற்பூரம் விற்கிற என் காது புளித்துப்போனது. "எவ்ளோ மங்கலா இருந்தாலும் எடுத்துகினு வாங்க, ரெசல்யூஷன் ஏத்தித் தரேன்!" மங்கலாக எடுத்தவரும் இவர், தெளிவாக்குபவரும் இவர். இப்படி ஒரு தொழில் யாருக்கு வாய்க்கும்?

சின்ன முகத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஓரத்தைக் கூர்மையாக்கலாம், கட்டங்களை நிரவலாம், அவ்வளவுதான். படத்தில் விழாத மூக்கை எந்தக் கம்ப்யூட்டரும் தேடிக் கொண்டுவராது. பக்தவச்சலம் கொண்டுவந்தார். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. செத்துப்போன என் அப்பா படத்தை நானே அவரிடம்தான் கொடுத்தேன். பளிச்சென்று வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கி வந்து மாட்டினேன்.

மணவூர் ஜெயம்மா வந்தது அதற்குப் பிறகு. புருஷன் கங்காதரன் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. இருந்த ஒரே படம், ஆடிக் கிருத்திகைக்கு மொட்டையும் சந்தனமுமாக நின்றபோது பக்தவச்சலம் எடுத்த புளியங்கொட்டைப் படம்.

"மூஞ்சி மறந்துகினே வருதுண்ணா. பெருசா போட்டுக் குடுங்க. இடது கண்ணு கொஞ்சம் ஒன்றரையா இருக்கும்."

"நீ ஒண்ணியும் சொல்ல வாணாம்மா. எல்லாம் கம்ப்யூட்டரு பாத்துக்கும்."

கம்ப்யூட்டர் நன்றாகவே பார்த்துக்கொண்டது. கங்காதரன் முருகனுக்குக் கொடுத்த முடியைப் பக்தவச்சலம் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டார், அதுவும் வகிடெடுத்து. ஜெயம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவரு என்னிய பாத்தா பக்கத்தூட்ட பாக்கறாப்ல இருக்கும். இவரு நேரா பாக்கறாரே. கண்ணுக்குக் கீழ ஏதுண்ணா மச்சம்? அவருக்குக் கெடயாதே."

"ரெசல்யூஷன் ஏத்தினா முன்ன தெரியாததெல்லாம் தெரியும்மா."

எனக்கே அது சரி என்றுதான் பட்டது. பாவம், அவளும் நம்பினாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் புருஷன் மச்சத்தைக் கவனிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டு போனாள்.

முதல் வருஷ தெவசத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். நேராகப் படத்துக்குக் கீழேதான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார் பக்தவச்சலம். வருகிறவர்கள் வேலையை மெச்ச வேண்டுமாம். அதுதான் வினையாகப் போயிற்று. வடை வைக்கக் குனிந்த ஜெயம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே அதே கடுகளவு மச்சம்.

"இது உன் கண்ணு தானே?"

பக்தவச்சலம் வாயில் வடையோடு முழித்தார். "என் கல்யாண போட்டோலருந்து... அது ஒண்ணுதாம்மா தெளிவா இருந்திச்சி. அரக்கோணத்துக்காரன் எடுத்தது."

ஜெயம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். படத்தின் இடது கண்மேல் கைநிறைய அப்பினாள்.

"இத்தினி நாளா உனக்கா வெளக்கேத்திக் கும்புட்டுகினு இருந்தேன்? அவரு மூஞ்சி மறக்கக் கூடாதுன்னு தானேய்யா உன்னாண்ட வந்தேன்! இப்ப கண்ண மூடினா நீ வர்றியே!"

பக்தவச்சலம் இலையை மூடிவிட்டுக் கிளம்பினார். சிரிக்கலாமென்று பார்த்தேன், அவள் அழுத அழுகையில் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். பக்தவச்சலம் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.