ஓடிக்கொலோனும் கப்பல் வைத்தியரும்

முதல் அறிகுறி நாற்றம். அதை நாங்கள் ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீர் தெளித்து மறைத்தோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில், தொழிற்சாலையில் இரும்புச் சுருள் சரிந்து என் இடது பாதம் நசிந்தது. மெல்பேர்ண் மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். முழங்கால் மிஞ்சினால் பொய்க்காலோடு ஒழுங்காக நடக்கலாம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அந்த முழங்கால்தான் அப்போது எனக்கு எல்லாமே.

சில நாட்களில் காயக்கட்டிலிருந்து வாடை வந்தது. டொக்டர் வரும் நேரம் பார்த்து என் மனைவி அதன்மேல் ஓடிக்கொலோன் தெளிப்பாள்.

"வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்? மானம் போகுது."

டொக்டர் சுகம் கேட்டால் நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவேன்.

வார்டுக்கு வரும் புத்தகத் தள்ளுவண்டியில் பாய்க்கப்பல் காலத்துக் கடற்படை வைத்தியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. படம் பார்க்கத்தான் எடுத்தேன். மனுஷன் புத்தகத்தைக் கீழே வைக்க என்னை விடவில்லை. வெயில் எட்டாத கீழ்த்தட்டில், லாந்தர் வெளிச்சத்தில், இரத்தத்தில் வழுக்காமல் இருக்க மணல் பரப்பி வேலை செய்தவர். மயக்கமருந்து கிடையாது. கப்டனே காயப்பட்டு வந்தாலும், முன்னால் வந்த மாலுமிக்குப் பிறகுதான். எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்! கிருமியைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் தினமும் காலையில் ஒவ்வொரு தூக்குப்படுக்கையாகப் போய், குனிந்து, காயக்கட்டை முகர்ந்து பார்ப்பார். புண் கெடுவதை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

வாசித்ததும் எங்கள் ஓடிக்கொலோன்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் மனைவி போத்தலைத் திறந்தாள்.

"இஞ்சேரும், அதை மூடும்."

"ஏனப்பா? டொக்டர் வாறார்."

"வரட்டும். மணக்கட்டும்."

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து முகர்ந்தார். உடனே கட்டைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே தசையழுகல் (இரத்த ஓட்டமின்றித் தசை சாவது) தொடங்கியிருந்தது. அன்றே மீண்டும் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலும் போயிருக்கும் என்றார்.

என்னைப் போலப் படுத்திருந்து இதை வாசிப்பவர்களே, டொக்டருக்கு மரியாதை கொடுங்கள். ஆனால் நாறினால் நாறுகிறது என்று சொல்லுங்கள்.

அந்தக் கப்பல் வைத்தியர் மண்ணாகிப் பல தலைமுறை. என் உடம்பைப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். இப்போது கடிகாரம் என்ன சொன்னாலும், பொய்க்கால் மாட்டுமுன் முழங்காலை மடித்து, வெட்டிய இடத்தைக் குனிந்து முகர்ந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது. மனைவி கதவடியில் நிற்பாள்.

"எப்பிடி?"

"வெறும் தோல் மணம்தான்."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் தேத்தண்ணி போடப் போவாள்.