நல்லப்பனின் சொந்த வேகம்

ரங்கூன் துறைமுகத்தில் கப்பலின் வடத்தை மிதவையில் கொண்டுபோய்க் கட்டுகிற வேலை நல்லப்பனுக்கு. படகு நுழைய முடியாத இடத்தில் கயிற்று நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப் போவான். அவனைப் போல நீந்துகிறவன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சிரியம் ஊர் வரைக்கும் கிடையாது என்று ஊரே சொல்லும். அவனுக்கு மட்டும் அதில் ஒரு சந்தேகம். ரங்கூன் ஆறு சும்மா கிடக்கிற ஆறா? கடல் ஏறும்போது மேலே இழுக்கும், வற்றும்போது கீழே இழுக்கும். போன வேகத்தில் தன்னுடையது எவ்வளவு, ஆறு கொடுத்தது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தச் சந்தேகத்தை ஊதிவிட்டவர் டீக்கடை அப்துல் பாரி. பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓர் அமெரிக்கன் நூறு மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திவிட்டான் என்று பத்திரிகையைப் பார்த்துச் சொன்னார்.

"எந்த ஆத்துல பாய்?"

"ஆறு ஏது? தொட்டி. தண்ணி அசையாது."

அன்றைக்கு நல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அசையாத தண்ணீரில் போனால் அத்தனையும் அவனவன் வேகம்தானே.

அவனுக்குத் தெரிந்த அசையாத தண்ணீர் ஊருக்கு நடுவில் இருந்த பெரிய ஏரிதான். மற்ற நாளில் அதில் கால் நனைக்க விடமாட்டார்கள். படகுச் சங்கத்து விழாவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீச்சல் பந்தயம் வைத்ததும், முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தான். இக்கரையிலிருந்து அக்கரைக் கொடி வரை நூறு கஜம். கைலியை மனைவி அம்சாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். பாரி பாய் கடிகாரத்தோடு கொடிப் பக்கம் நின்றார்.

எல்லோருக்கும் முன்னால்தான் போனான். ஆனால் கொடியை நோக்கிப் போகவில்லை. ஆற்றில் நீந்துகிறவன் போகவேண்டிய இடத்துக்கு நேராகக் குறிவைக்கமாட்டான். நீரோட்டம் இழுத்துவிடும் என்று அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளியே போவான். பல வருஷத்துப் பழக்கம். இங்கே இழுக்க ஆளில்லை. எங்கோ நாணல் புதருக்குள் போய்க் கரையேறினான். கரையை முதலில் தொட்டது அவன்தான், கொடிதான் அங்கே இல்லை. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

பரிசு போனதில் அவனுக்கு வருத்தமில்லை. தன் சொந்த வேகம் தெரியாமலே வீட்டுக்குப் போக வேண்டுமே என்றுதான் அழுகை வந்தது. கைலி எதிர்க்கரையில் அம்சாவிடம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"துணி அங்க இருக்கு தொர, நீந்தியே போயிக்கிறேன்" என்று கொடிப் பக்கம் ஓடிவந்து கெஞ்சினான். அங்கே நின்ற படகுச் சங்கத்துத் துரை சிரிப்போடு தலையசைத்தார்.

"பாய், கடியாரத்தப் பாருங்க. நான் கரையத் தொட்டதும் அம்சா கைலியத் தூக்கிக் காட்டுவா" என்றவன், அவளுக்கும் கேட்கும்படி அதைக் கத்திச் சொன்னான்.

இந்த முறை அம்சாவின் முகத்தையே பார்த்து நீந்தினான். நேராக வந்து சேர்ந்தான். கைலி உயர்ந்தது.

பாரி பாய் ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். "கோ நல்லப்பன், பாய் நடையே சரியில்லையே" என்றாள் அம்சா. அவள் தாய் பர்மாக்காரி. அந்த வழக்கப்படி 'கோ' போட்டுப் புருஷன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"கடியாரம் கொஞ்சம் மக்கர் பண்ணுது தம்பி..." என்று பாய் இழுத்தார்.

"உள்ளதச் சொல்லுங்க."

"ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆயிடுச்சு."

நல்லப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊர் கொடுத்த பெயரில் பாதியை யாரோ பிடுங்கிக்கொண்டது போல வலித்தது. பிறகு நிமிர்ந்து பாயைப் பார்த்தான்.

"இதுல ஆத்தோட பங்கு ஒண்ணும் இல்லையே பாய்?"

"இங்க ஏது ஆறு? அம்புட்டும் ஒன்னோடதுதான்."

நல்லப்பன் எழுந்து கைலியைக் கட்டிக்கொண்டான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாயை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.