காம்பு கிள்ளிய வெற்றிலை

காலை 6.50. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது என் பையில் எல்லாம் இருந்தது, வெற்றிலையைத் தவிர. மூன்று வருஷமாக வெற்றிலைக் கொடியின் வாடல் நோயோடு மல்லுக்கட்டுகிறவள், அதைப் பற்றிப் பேசவே நாடு விட்டு நாடு வருகிறவள், ஓர் இலைகூட இல்லாமல் வந்து நிற்கிறேன். என்ன செய்வது? பயிர்ப் பாதுகாப்புத் துறையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியாகிவிட்டது. அனுமதிச் சான்று இல்லாமல் செடி கொடி எதையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் தொண்டை வறளச் சொல்கிறவளே பைக்குள் இலையைச் சுருட்டி வைத்தால் நன்றாகவா இருக்கும்?

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கரூர்ப் பக்கத்துக் காவிரிக்கரை மண்ணில் நாங்கள் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தோம். வாடல் பூஞ்சையை அண்டவிடாத கெட்டிக்காரப் பயல். முறைப்படி அனுமதி வாங்கி அதை இங்கே அனுப்பினோம். இங்கிருக்கும் வேதியியலாளர் டாக்டர் லிம், கடற்பாசிப் பசையில் கடுகளவு மணிகள் செய்து, அதற்குள் இவனைக் குடிவைத்திருக்கிறார். மண்ணில் போட்டால் மணி மெல்லக் கரையும், இவன் வெளியே வருவான். மூன்றாவது ஆள் ஹமீது, மென்பொருள் பொறியாளர். இலையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் ‘நலம்’ என்றோ ‘நோய்’ என்றோ சொல்லும் செயலி அவருடையது. ‘நோய்’ என்று வந்தால் அந்தக் கொடியின் அடியில் மணிகளைப் போட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு, திட்டத்துக்குப் பணம் தரும் ஐந்து பேர் கொண்ட குழு இரண்டையும் பார்க்கும். அவர்கள் தலையாட்டினால் அடுத்த மாதமே எங்கள் விவசாயிகள் கைக்குப் போய்விடும்.

காலை 8.15. எம்ஆர்டி எனும் நகர ரயிலில் ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் மாறினால், அடுத்த ரயில் நேராக லிட்டில் இந்தியா கொண்டுபோய் விடுகிறது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், இரண்டு வெள்ளிக்குச் சற்றுக் கூட. இங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். எதிரே ஓர் அம்மாள் மல்லிகைப்பூவைக் குளிர்பெட்டியில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு தூங்கினார்.

காலை 11.00. ஹமீது டன்லப் ஸ்ட்ரீட் விடுதிக்கே வந்துவிட்டார். நாற்பது வயது, தாத்தா காலத்தில் நாகூரிலிருந்து வந்த குடும்பம். இரண்டு வருஷமாகத் திரையில் மட்டும் பார்த்த முகம், நேரில் நல்ல உயரம். “பயணம் ஓகேவா டாக்டர்? வாங்க, முதல்ல இலை வாங்கிடுவோம்லா” என்று பஃபலோ ரோட்டுக்கு அழைத்துப்போனார்.

அங்கே சரோஜா அக்காவின் பூக்கடை. ஈரச்சாக்குக்கடியில் வெற்றிலை, கட்டு இரண்டு வெள்ளி. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கரும்பச்சை, நரம்பெல்லாம் தெளிவு, ஒரு புள்ளி கிடையாது. எங்கள் கொடிக்காலிலேயே இப்படி இலை பார்த்து நாளாகிறது. பெருமையாகத்தான் கைப்பேசியை நீட்டினேன். சிவப்பாக வந்தது. நோய்.

இன்னொன்று. நோய். பத்து இலை எடுத்தேன், பத்தும் நோய்.

“என்ன சொல்லுது உங்க போன்?” என்று எட்டிப் பார்த்த சரோஜா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் வெத்தலைக்கு நோயா? கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நான்தான் கொடுக்கிறேன், ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல. தம்பி, இவங்க போனுக்குத்தான் சீக்கு. முதல்ல அதை டாக்டர்ட்ட காட்டுங்க!”

“டாக்டரே இவங்கதான் அக்கா” என்றார் ஹமீது. சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

“ஊர்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாச் சொல்லுதுன்னீங்களே!” என்று அவர்மேல் பாய்ந்தேன்.

“நீங்க அனுப்பின படத்துல சரியாத்தான் சொல்லுது டாக்டர். இங்க வெளிச்சம் வேறயா இருக்கலாம்.”

“வெளிச்சமாவது மண்ணாவது! நாளைக்கு அஞ்சு பேர் முன்னாடி நல்ல இலையை நோயின்னு சொன்னா, என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?” கையில் ஓர் இலையை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் கத்தினேன். கத்தி முடித்து, எதற்கும் இன்னொரு தடவை என்று அதைப் படம் பிடித்தேன். பச்சை. நலம்.

ஹமீது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “டாக்டர், இப்ப என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“இல்ல, இலையை எதோ பண்ணீங்க.”

கீழே பார்த்தேன். என் காலடியில் வெற்றிலைக் காம்பு கிடந்தது. பேசிக்கொண்டே கிள்ளிப் போட்டிருக்கிறேன்!

அட கடவுளே. வெற்றிலை போடுகிற ஊரில் பிறந்த கை இது. நல்ல இலை சிக்கினால் முந்தானையில் துடைக்கும், கட்டைவிரல் தானாகக் காம்பைக் கிள்ளும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் படம் எடுத்தவர்கள் மூன்று பெண்கள், அதில் ஒருத்தி நான். நல்ல இலைகளை எல்லாம் கிள்ளித் துடைத்து அழகாகப் பரப்பி எடுத்திருக்கிறோம். நோய்ப்பட்ட இலையை யார் கிள்ளுவார்? காம்பைப் பிடித்துத் தூக்கி அப்படியே வைத்தோம். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து அந்தச் செயலி கற்றுக்கொண்டது நோயை அல்ல. காம்பு இருந்தால் நோய், இல்லாவிட்டால் நலம். அவ்வளவுதான் அதன் படிப்பு.

சரோஜா அக்காவின் கழிவுக்கூடையிலிருந்து கருகல் புள்ளி விழுந்த ஓர் இலையை எடுத்தேன், வாடல் பூஞ்சையின் முதல் அடையாளம் அது. காம்பைக் கிள்ளிவிட்டுப் படம் பிடித்தேன். நலம் என்றது. இதை நம்பி ஒரு விவசாயி மணி போடாமல் இருந்தால், பதினைந்து நாளில் அந்த வரிசையே படுத்துவிடும்.

மதியம் 1.00. எதிர்க்கடையில் தே தாரிக் குடித்தோம், நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் டீ. ஹமீது மெதுவாகச் சொன்னார்: “நாளைக்கு ஒரு நாள்தானே டாக்டர். நல்ல இலைல காம்பைக் கிள்ளிட்டுக் காட்டினா பச்சையா வரும்லா. அப்ரூவல் வாங்கிட்டு அப்புறம் சரிபண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?”

பொய் சொல்ல மாட்டேன், அரைக் கோப்பை காலியாகும்வரை யோசித்தேன். மூன்று வருஷ உழைப்பு, கைக்கெட்டும் தூரத்தில். பிறகு, “நமக்குத் தெரியுமே ஹமீது” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். “நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கேட்டுப் பாக்கணும்ல.”

மறுநாள் காலை 10.00. கூட்டம் குவீன்ஸ்டவுனிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி. ஹமீது குவீன்ஸ்டவுனில்தான் குடியிருக்கிறார், வழியில் அதே ரயிலில் ஏறிக்கொண்டார். குழுவின் முன் காம்போடு ஓர் இலை, காம்பில்லாமல் ஓர் இலை, கருகல் இலை ஒன்று, மூன்றையும் மேஜையில் வைத்தேன். எங்கள் செயலி தோற்பதை நாங்களே காட்டினோம். காரணத்தையும் சொன்னோம், என் கட்டைவிரல் உட்பட.

“எப்போது கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டார் தலைவர்.

“நேற்று, வெற்றிலைக் கடையில்.”

எங்களோடு வந்திருந்த டாக்டர் லிம் விழுந்து விழுந்து சிரித்தார். எப்படிக் கிள்ளுவது என்று காட்டச் சொல்லி, தானும் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் குடைந்தெடுத்த பிறகு முடிவு வந்தது: மணிகள் அடுத்த மாதமே வயலுக்குப் போகலாம், நோயை எங்கள் ஆட்களே நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். செயலிக்குப் புதுப் படங்களோடு மூன்று மாத அவகாசம். வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தலை நிமிர்ந்துதான் வெளியே வந்தேன், மூன்று மாதத்தில் முடித்துவிடுவோம்.

மாலை 5.30. மறுபடியும் சாங்கி. எங்கள் ஊரில் பயணம் கிளம்புகிறவர்களுக்குத் தின்பண்டம் கட்டித் தருவார்கள். சரோஜா அக்கா ஒரு பொட்டலம் வெற்றிலை பாக்கு கொடுத்திருந்தார். “கிள்ளாம கொண்டுபோங்க டாக்டர்!” என்ற கிண்டலோடு. கொண்டுபோகத்தான் முடியாதே. இங்கேயே போட்டு மெல்ல இரண்டு இலையை வைத்துக்கொண்டு மற்றதை வழியனுப்ப வந்த ஹமீதிடம் கொடுத்துவிட்டேன்.

சோதனை வரிசைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓர் இலையை எடுத்தேன். கட்டைவிரல் காம்புக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன். இலையை மடியில் விரித்து, காம்போடு படம் பிடித்து, ‘நல்ல இலை, எண் ஒன்று’ என்று எழுதி ஹமீதுக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் கிள்ளினேன்.